வாழைப்பழ எசன்ஸில் இருக்கும் ஐசோஅமைல் அசிட்டேட்: வாங்குவது முதல் அப்புறப்படுத்துவது வரை முழு வழிகாட்டி

குச்சி ஐஸ், மிட்டாய், மில்க் ஷேக், கேக், குழந்தைகளுக்கான மருந்து சிரப் என்று எதில் வாழைப்பழ வாசனை வந்தாலும், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற வாசனைத் திரவம் இருக்கும். ஐஸ்கிரீம், மிட்டாய் தொழிலைச் சிறிய அளவில் நடத்துபவர்கள், வீட்டில் கேக் செய்து விற்பவர்கள், கல்லூரியில் இதைத் தயாரித்துப் பார்க்கும் வேதியியல் மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பினரை மனதில் வைத்து எழுதுகிறேன். இந்தப் பொருளைப் பற்றி இருவகைப் பேச்சு உண்டு. "கெமிக்கல், விஷம்" என்பவர்கள் ஒருபுறம். "சாப்பிடுகிற பொருள்தானே, என்ன ஆகிவிடும்" என்று திறந்த பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் மறுபுறம். என்னைக் கவலைப்படுத்துவது இரண்டாவது பேச்சுதான். ஐஸ்கிரீமில் சரியான அளவில் கலந்த பிறகு இது ஆளுக்கு எதுவும் செய்வதில்லை. கலப்பதற்கு முன், பாட்டிலிலும் காற்றிலும் இருக்கும்போதுதான் ஆபத்து.

படி 1: பாட்டிலில் இருப்பது எது?

கடையில் "பனானா எசன்ஸ்" என்று வாங்குவது பெரும்பாலும் நீர்த்த கலவை. ஐசோஅமைல் அசிட்டேட்டும் வேறு சில எஸ்டர்களும் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உருவாகும் பொருள்கள்) கொஞ்சமாக இருக்கும். மீதி புரோபிலீன் கிளைகால் போன்ற கரைப்பான். இரசாயனக் கடையில் "ஐசோஅமைல் அசிட்டேட்" என்றே கேட்டு வாங்கினால் வருவது கிட்டத்தட்ட தூய திரவம். இரண்டும் ஒரே மாதிரி மணக்கும். ஆனால் வீரியத்தில் பல மடங்கு வித்தியாசம். முதலாவதில் ஒரு மூடி ஊற்றிப் பழகியவர் இரண்டாவதிலும் ஒரு மூடி ஊற்றினால் அந்தச் சரக்கை விற்க முடியாது.

அடையாளம் காணச் சிறந்த வழி சி.ஏ.எஸ். எண், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகெங்கும் வழங்கும் தனி அடையாள எண். பெயர் பலவிதமாக இருக்கும்: ஐசோபென்டைல் அசிட்டேட், 3-மெத்தில்பியூட்டைல் அசிட்டேட், பனானா ஆயில், பேரிக்காய் எண்ணெய். ஆனால் 123-92-2 என்ற எண் மாறாது. போக்குவரத்துப் பெட்டியில் ஆபத்தான சரக்கைக் குறிக்கும் ஐ.நா. எண்ணாக யு.என். 1104 என்று இருக்கும். சப்ளையரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளை, அதாவது எஸ்.டி.எஸ். தாளைக் கேட்டு வாங்குங்கள். பதினாறு பகுதிகளில் 2, 4, 7, 8, 9 ஆகிய ஐந்தையும் வேலையாட்களோடு உட்கார்ந்து படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தர மறுக்கும் சப்ளையரிடம் வாங்காதீர்கள்.

தரத்தில் சமரசமே கூடாது. இதே பொருள் நெயில் பாலிஷ், லாக்கர், தின்னர் தொழிலிலும் கரைப்பானாகப் போகிறது. அந்தத் தொழில்தரச் சரக்கு விலை குறைவு. உணவுக்கு ஆகாத மற்ற கரைப்பான்கள் அதில் கலந்திருக்கலாம். "ஃபுட் கிரேடு" என்ற சொல்லும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க உரிம எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். எசன்ஸ் என்றால் கரைப்பான் எது என்றும் பாருங்கள். டைஎத்திலீன் கிளைகாலை வாசனைப் பொருள்களில் கரைப்பானாகப் பயன்படுத்த இந்திய விதிகள் தடை விதித்திருக்கின்றன. சிறுநீரகத்தைப் பாழாக்கும் பொருள் அது. உள்ளே இருக்கும் எஸ்டரைவிட அதைச் சுமந்து வரும் கரைப்பானே மோசமாக இருக்கக்கூடும் என்பதை வாங்குபவர் பலர் யோசிப்பதில்லை.

படி 2: அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிறமற்ற திரவம். மூலக்கூறு எடை 130. தண்ணீரைவிட இலேசானது, மில்லிலிட்டருக்கு 0.876 கிராம். தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 2 கிராம் மட்டுமே கரையும். மிஞ்சியது மேலே மிதக்கும். எண்ணெய், சாராயம், ஈதர் ஆகியவற்றில் நன்றாகக் கலக்கும். கொதிநிலை 142 டிகிரி செல்சியஸ். ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனமானது என்பதால் தரையோடு படரும். மூடிய கோப்பைச் சோதனையில் தீப்பற்று நிலை 25 டிகிரி. இந்தக் கடைசி எண்ணை மட்டும் மறக்காதீர்கள். தீ பற்றிய பகுதியில் அதற்குத் திரும்ப வருகிறேன்.

இது இயற்கையிலும் உண்டு. வாழைப்பழம் பழுக்கும்போது உருவாகிறது. நொதித்தலில் ஈஸ்டும் இதைச் செய்கிறது. ஜப்பானின் கின்ஜோ வகை சாக்கேயிலும் ஜெர்மனியின் கோதுமை பீரிலும் வரும் பழவாசனைக்கு இதுவே முக்கியக் காரணம். லியூசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஈஸ்ட் ஐசோஅமைல் ஆல்கஹாலைச் செய்து, அதோடு அசிட்டைல் கூறைச் சேர்த்து இதை ஆக்குகிறது. உண்மையான வாழைப்பழத்தில் இதோடு ஐசோபியூட்டைல் அசிட்டேட், ஐசோஅமைல் பியூட்டிரேட், கிராம்பில் இருக்கும் யூஜினால் வரை பல பொருள்கள் சேர்ந்திருக்கும். அதனால்தான் இதை மட்டும் தனியாக முகர்ந்தால் பழத்தைவிட மிட்டாய்தான் ஞாபகம் வருகிறது.

செயற்கை வாழைப்பழ வாசனை பழைய குரோ மிஷெல் ரகத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது, பனாமா வாடல் நோயால் அந்த ரகம் வணிகத்திலிருந்து ஒழிந்ததால்தான் இன்றைய பழத்தோடு ஒத்துப்போவதில்லை என்ற கதை இணையத்தில் சுற்றுகிறது. காலக்கணக்கு இடிக்கிறது. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியிலேயே செயற்கைப் பழ எசன்ஸுகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்து எழுதிய வேதியியலாளர் ஹோஃப்மான், இந்தப் பொருளைப் பேரிக்காய் எண்ணெய் என்றே குறிப்பிட்டார். வாழைப்பழம் ஐரோப்பியச் சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பதற்கு வெகுமுன் நடந்தது அது. சாராய ஆலைகளில் வீணாகிய ஃபூசல் எண்ணெயே அப்போதைய மூலப்பொருள்.

படி 3: உணவில் எவ்வளவு சேர்க்கலாம்?

விழுங்கிய ஐசோஅமைல் அசிட்டேட்டை உடம்பின் எஸ்டரேஸ் நொதிகள் உடனே இரண்டாகப் பிளக்கின்றன. ஒன்று அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருப்பது. மற்றது ஐசோஅமைல் ஆல்கஹால். அது ஆக்சிஜனேற்றம் அடைந்து ஐசோவலெரிக் அமிலமாகி, புரத உணவில் வரும் லியூசின் போகும் அதே பாதையில் கரைந்துபோகிறது. உடம்பில் தேங்குவதில்லை. எலிகளில் பாதியைக் கொல்லும் வாய்வழி அளவு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 16 கிராம். கடுமையான நஞ்சு என்று இதைச் சொல்ல முடியாது.

வாழ்நாள் முழுக்க தினமும் உட்கொள்ளத்தக்க அளவாக உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச நிபுணர் குழு வைத்திருப்பது கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் வரை. கிலோவுக்கு 50 மில்லிகிராம் சேர்த்த ஐஸ்கிரீமில் 100 கிராம் சாப்பிட்டால் உள்ளே போவது 5 மில்லிகிராம். வரம்பில் ஒன்பதில் ஒரு பங்கு. அதே ஐஸ்கிரீமில் கைதவறிப் பத்து மடங்கு கொட்டிவிட்டால் 50 மில்லிகிராம், வரம்பைத் தாண்டிவிடும். ஒருநாள் தாண்டியதால் குழந்தைக்கு ஆபத்து வந்துவிடாது, ஏனென்றால் வரம்பு வாழ்நாள் கணக்கு. ஆனால் தினமும் அந்த அளவில் விற்பது தவறு.

ஆகவே சொட்டுக் கணக்கை விட்டுவிட்டு எடைக் கணக்குக்கு வாருங்கள். தூய திரவம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் முறை இது. உணவுத் தர புரோபிலீன் கிளைகால் 99 கிராம், ஐசோஅமைல் அசிட்டேட் 1 கிராம் எடுத்து, மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் கலந்து "1 சதவீதம்" என்று எழுதி ஒட்டுங்கள். இதில் ஒரு கிராமுக்குள் 10 மில்லிகிராம் இருக்கும். பத்து கிலோ ஐஸ்கிரீம் கலவைக்கு, கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் தேவை 500 மில்லிகிராம். அதற்கு இந்தக் கரைசலில் 50 கிராம். தூய திரவமாக அளந்தால் அரை மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். அதைச் சரியாக அளக்கும் கருவி சமையலறையில் கிடையாது. கையை நீட்டிச் சொட்டு விடும்போதுதான் அளவு ஓடிப்போகிறது.

எப்போது சேர்ப்பது என்பதும் முக்கியம். கெட்டி மிட்டாய்க்கான பாகு 145, 150 டிகிரி வரை காயும். அது இந்தப் பொருளின் கொதிநிலையைவிட அதிகம். கொதிக்கிற பாகில் ஊற்றினால் பாதி வாசனை ஆவியாகி வேலையாள் மூக்குக்குள் போகும், "வாசனை போதவில்லை" என்று இன்னும் ஊற்றுவார்கள், பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். பாகை இறக்கிக் கல்லில் கொட்டி, குமிழி முழுக்க அடங்கி, மடிக்கத் தொடங்கும்போது சேருங்கள். ஐஸ்கிரீமுக்கு, காய்ச்சி ஆறவைத்த கலவையை உறைய வைப்பதற்குச் சற்று முன்.

லேபிளில் வாசனைப் பொருள் சேர்த்திருப்பதை, எந்த வகை என்பதோடு அறிவிக்க வேண்டும். இந்தியாவில் மூன்று வகை உண்டு: இயற்கையானது, இயற்கையை ஒத்தது, செயற்கையானது. ஆலையில் செய்த ஐசோஅமைல் அசிட்டேட் வாழைப்பழத்தில் இருக்கும் அதே மூலக்கூறு என்பதால் இரண்டாவது வகையில் வரும். அமெரிக்காவில் அந்த நடுவகையே கிடையாது. அங்கே இதே சரக்கு செயற்கை. இயற்கை என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்திய விதிகளின் தடைப்பட்டியலைப் பார்க்க வேண்டும். வசம்பில் இயற்கையாகவே இருக்கும் பீட்டா-அசரோன் அதில் இருக்கிறது. ஐசோஅமைல் அசிட்டேட் இல்லை.

படி 4: காற்றில் எவ்வளவு போகிறது என்று கணக்கிடுங்கள்

எட்டு மணி நேர வேலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் சராசரி வரம்பு 50 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு. அமெரிக்காவின் சட்ட வரம்பு 100 பிபிஎம். 1000 பிபிஎம் என்பது உடனடியாக வெளியேற வேண்டிய நிலை. ஒரு பிபிஎம் என்பது கன மீட்டருக்கு சுமார் 5.3 மில்லிகிராம்.

பத்தடிக்குப் பத்தடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமும் பத்தடி, மொத்தம் சுமார் 28 கன மீட்டர். ஜன்னல் சாத்தியிருக்கிறது. அங்கே 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி தூய திரவம் சிந்தி முழுக்க ஆவியானால், கன மீட்டருக்கு சுமார் 310 மில்லிகிராம், ஏறத்தாழ 58 பிபிஎம். ஐரோப்பிய வரம்பைத் தாண்டியாயிற்று. 100 மில்லிலிட்டர் என்றால் 600 பிபிஎம்மை நெருங்கும். 200 மில்லிலிட்டர், ஒரு டம்ளர், சிந்தி உலர்ந்தால் 1100-ஐத் தாண்டும். ஒரு டம்ளர் சிந்துவது எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடியதுதான். முதலில் கண்ணும் மூக்கும் எரியும், தொண்டை கரகரக்கும், இருமல் வரும். அதிகமானால் தலைவலி, தலைசுற்றல், மயக்க உணர்வு.

"வாசனை வருகிறதா பார்த்துக்கொள்ளலாம்" என்று மூக்கை நம்ப முடியாது. ஒரு பிபிஎம்மில் சிறு பகுதி இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பது உண்மை. வாயு முகமூடி முகத்தோடு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று சோதிக்க அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் இந்தப் பொருளையே பயன்படுத்துகின்றன: கரிம ஆவி (ஆர்கானிக் வேப்பர்) வடிகட்டி மாட்டியவருக்கு வாழைப்பழ வாசனை வந்தால் முகமூடி கசிகிறது. ஆனால் அதே விதிமுறையில், முகர்ந்து பார்க்கும் ஆரம்பச் சோதனையைத் தனி அறையில் நடத்த வேண்டும் என்றும் இருக்கிறது. காரணம், மூக்கு சீக்கிரம் மரத்துப்போய்விடும். காலையில் வேலைக்கு வந்தவருக்கு மதியம் வாசனையே தெரியாது. காற்றில் அளவு குறைந்திருக்காது.

ஆகவே எசன்ஸ் அளக்கும் இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் தேவை. ஆவி கீழே தங்குவதால் அதைத் தாழ்வாக, தரைக்கு அருகில் வைப்பது நல்லது. மோட்டார் தீப்பொறி பறக்காத வகையாக இருக்கட்டும். துணி முகக்கவசம், சர்ஜிக்கல் மாஸ்க், என்-95 எதுவும் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவி கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடிதான் தடுக்கும்.

சாப்பிடத் தகுந்தது எல்லாம் சுவாசிக்கத் தகுந்தது அல்ல என்பதைத் தொழில் உலகம் கற்ற இடம் வேறு ஒரு வாசனை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றின் முன்னாள் தொழிலாளர்கள் எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்குழல்கள் அடைபடும் தீராத நோய் வந்திருப்பது தெரிய வந்தது. காரணமாகக் கண்டறியப்பட்டது, வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைலின் ஆவி. பாப்கார்னைச் சாப்பிடுபவர்களுக்கு அந்தப் பொருள் அனுமதிக்கப்பட்டதாகவே இருந்தது. ஐசோஅமைல் அசிட்டேட் மீது அந்தக் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் உங்கள் அலமாரியில் பனானா பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டர்ஸ்காட்ச் எசன்ஸில் டைஅசிட்டைல் இருக்கலாம். சூடான பாத்திரத்துக்கு மேல் குனிந்து எந்த எசன்ஸையும் முகராதீர்கள். வேப்பிங் கருவியில் உணவு எசன்ஸை ஊற்றி இழுக்கும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

படி 5: தீயிலிருந்து தள்ளி வையுங்கள்

தீப்பற்று நிலை 25 டிகிரி என்றால், அந்த வெப்பத்தில் திரவத்துக்கு மேலுள்ள ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேர்ந்துவிடும் என்று பொருள். குளிர்நாட்டு ஆய்வகத்தில் அறை வெப்பம் 20 டிகிரி. கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளி கிடைக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரி. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி, திறந்த பாட்டிலின் வாயில் இருப்பது பற்றத் தயாராக இருக்கும் ஆவி. வெளிநாட்டு எஸ்.டி.எஸ். தாளில் "25 டிகிரிக்குக் கீழே வைக்கவும்" என்று இருப்பதை இங்கே குளிர்ந்த, நிழலான, அடுப்பில்லாத அறை என்று படிக்க வேண்டும்.

இந்தத் திரவம் எவ்வளவு சீராக எரியும் என்பதற்கு வரலாறே சாட்சி. 1884-இல் ஜெர்மன் பொறியாளர் ஹெஃப்னர்-ஆல்டெனெக் அமைல் அசிட்டேட்டை எரிபொருளாக வைத்து ஒரு விளக்கை உருவாக்கினார். திரியின் விட்டம் 8 மில்லிமீட்டர், சுடரின் உயரம் 40 மில்லிமீட்டர். அந்தச் சுடரின் ஒளியே ஜெர்மனியில் வெளிச்சத்தை அளக்கும் அலகாகப் பல பத்தாண்டுகள் இருந்தது.

எசன்ஸ் பாட்டிலைத் திறக்கும் மேடைக்கும் அடுப்புக்கும் இடையே ஒரு சுவராவது இருக்கட்டும். ஆவி தரையோடு போய்ப் பத்தடி தள்ளி எரியும் பர்னரைத் தொட்டுத் திரும்பி வரும். பெரிய கேனிலிருந்து மாற்றும்போது உலோகக் கேன்களைக் கம்பியால் இணைத்துத் தரையோடு எர்த் செய்யுங்கள். தீப்பிடித்தால் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். இது மிதந்துகொண்டே எரிந்து பரவும். உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் போதும்.

படி 6: சேமிப்பும் கையாளுதலும்

ஒரு துண்டு தெர்மகோலில் இரண்டு சொட்டு தூய திரவம் விட்டுப் பாருங்கள். நுரை அமுங்கி, குழி விழுந்து, பிசுபிசுப்பான பசையாகிவிடும். தெர்மகோலும், ஒருமுறை பயன்படுத்தும் கெட்டி பிளாஸ்டிக் டம்ளர்களில் பலவும் பாலிஸ்டைரீன். ஆகவே அந்த டம்ளரில் இதை அளந்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து உணவுக்குள் போகும். கண்ணாடி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரண்டும் நம்பகமானவை. பழைய குளிர்பான பாட்டிலில் மாற்றி வைப்பது மன்னிக்க முடியாத தவறு. வாசனையைப் பார்த்துக் குழந்தை குடித்துவிடும்.

தோலில் பட்டால் எண்ணெய்ப்பசையை எடுத்து வறட்சியும் வெடிப்பும் உண்டாக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். ஈரமும் காரப்பொருளும் (ஆல்கலி) இதை மெல்ல உடைக்கும். பாட்டிலைத் திறந்ததும் வினிகர் நெடி முந்திக்கொண்டு வந்தால் சரக்கு கெட்டுவிட்டது.

படி 7: சிந்தினால், உடம்பில் பட்டால்

சிந்தினால் முதலில் அடுப்பை அணையுங்கள். ஆனால் சிந்திய இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்து ஆட்களை வெளியேற்றி, மணல் கொட்டி உறிஞ்சவிட்டு, மூடியுள்ள உலோகத் தகரத்தில் அள்ளுங்கள். சாக்கடையில் கழுவி விடக்கூடாது. மிதந்து போய் வேறெங்கோ பற்றும். மிச்சச் சரக்கும் நனைந்த துணியும் அதே தகரத்தில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும்.

கண்ணில் பட்டால் இமையைப் பிரித்து 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள். ஆவியில் தலைசுற்றினால் வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள். குழந்தை தூய திரவத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிற்றுக்குள் போனதைவிட, வாந்தியோடு நுரையீரலுக்குள் போவது பெரிய ஆபத்து. வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள்.

மாணவர்களுக்கு

ஐசோஅமைல் ஆல்கஹாலோடு அசிட்டிக் அமிலத்தைக் கூடுதலாகச் சேர்த்து, அடர் கந்தக அமிலம் சில துளிகள் விட்டு, மீள்கொதிப்பில் சுமார் ஒரு மணி நேரம் வைப்பது வழக்கமான செய்முறை. இது மீள்வினை, அமிலத்தைக் கூட்டுவது சமநிலையை எஸ்டர் பக்கம் தள்ளத்தான். நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது கந்தக அமிலத்திடமும், அடுத்து வரும் சோடியம் பைகார்பனேட் கழுவலிடமும். பிரிபுனலைக் குலுக்கும்போது கார்பன் டை ஆக்சைடு பொங்கும். அடிக்கடி அடைப்பைத் திறந்து அழுத்தத்தை விடாவிட்டால் மூடி பறக்கும். உலர்த்தி வடிக்கும்போது 137 முதல் 143 டிகிரி வரை வருவதைச் சேகரியுங்கள். சூடேற்ற பன்சன் பர்னர் வேண்டாம், மின் சூடேற்றி போதும். வந்த திரவம் எவ்வளவு மணத்தாலும் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காதீர்கள். அதில் மிஞ்சிய அமிலமும் ஆல்கஹாலும் இருக்கும். அது உணவுத் தரம் ஆகாது.

தேன் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு

தேனீ கொட்டியதும் அதன் கொடுக்கிலிருந்து வெளிவரும் அபாய வாசனையில் முக்கியமானது இதே ஐசோஅமைல் அசிட்டேட் என்று 1962-இல் கண்டறியப்பட்டது. கொட்டிய இடத்தை அது குறித்துக் காட்ட, மற்ற தேனீக்கள் அங்கேயே வந்து கொட்டும். எசன்ஸ் வேலை முடித்த கையோடு தேன் பெட்டியைத் திறக்கக்கூடாது. குளித்து, உடை மாற்றிய பிறகே போக வேண்டும். பட்டறையையும் பெட்டிகளிலிருந்து தள்ளி, காற்று எதிர்த்திசையில் போகும்படி அமையுங்கள்.